நொச்சியிலைச் சாற்றின் ஆற்றலைச் சோதிக்கும் முறை

திருகோணமலையில் நொச்சி வேலியோரத்திலேயே கிடைக்கிறது. தடிமன் பிடித்தால் அதன் இலையை அவித்து வேது பிடிப்பதும் நமக்குப் பழக்கமானது. அந்த இலைச் சாறு நுண்ணங்கிகளைத் தடுக்கிறதா, ஒட்சியேற்றத்தை எதிர்க்கிறதா என்பதை ஆய்வுகூடத்தில் சோதிக்க விரும்பும் மாணவர்கள் இலையை உலர்த்துவதிலிருந்தே கவனமாக இருக்க வேண்டும்.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இலை காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால், ஆடி, ஆவணி மாதங்களில் பறித்து, கழுவி, நிழலில் உலர்த்துவதே நல்லது. இலை விரலிடையில் நொறுங்க வேண்டும். காம்பு முறியாமல் வளைந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அரைத்த தூள் 10 கிராமை 70 வீத எதனோல் 100 மில்லிலீற்றரில் இட்டு, இருட்டில் 48 மணி நேரம் ஊறவிட்டு வடித்து, 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பத்தில் கரைப்பானை ஆவியாக்குங்கள். எஞ்சும் பிசினின் நிறையை அளந்து, நீர் கலந்த டைமெதில் சல்பொக்சைட் என்னும் கரைப்பானில் கரைத்துக்கொள்ளுங்கள்.

நுண்ணங்கிச் சோதனையை ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும். கிண்ணத்தில் 4 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஊற்றிய முல்லர்-ஹின்டன் ஏகார் என்னும் வளர்ப்பூடகத்தில், 0.5 மெக்ஃபார்லண்ட் என்னும் நியமக் கலங்கலுக்குச் சமப்படுத்திய பற்றீரியாவைப் பரப்பி, 6 மில்லிமீற்றர் குழிகள் இட்டு, ஒன்றில் சாற்றையும் இன்னொன்றில் சாறு கலக்காத அதே டைமெதில் சல்பொக்சைட் கரைப்பானையும் ஊற்றி, அருகே ஒப்பீட்டுக்காக ஜென்டமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வட்டொன்றையும் வைத்து, 37 பாகையில் ஓரிரவு விடுங்கள். கரைப்பான் குழியைத் தவிர்க்கவே கூடாது, ஏனெனில் அதைச் சுற்றியும் பற்றீரியா வளராத தெளிந்த வளையம் தோன்றினால் தடுத்தது இலைதான் என்று சொல்ல இடமில்லை. ஸ்டெபைலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியாவில் தெரியும் வளையம் ஈ. கோலை என்னும் பற்றீரியாவில் சிறுத்தோ இல்லாமலோ போகலாம், ஈ. கோலையின் வெளிமென்சவ்வு பல தாவரச் சேர்வைகளை உள்ளே விடுவதில்லை. பெரிய மூலக்கூறுகள் ஏகாரில் மெதுவாகவே பரவுவதால், வளையத்தின் அளவை மட்டும் கொண்டு இரு தாவரங்களை ஒப்பிடுவதும் பிழை. முடிந்ததும் கிண்ணங்களை 121 பாகையில் 15 நிமிடம் அமுக்க நீராவியில் கிருமி நீக்கிய பின்பே அகற்றுங்கள்.

ஒட்சியேற்ற எதிர்ப்பை அறிய, டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறச் சோதனைப் பொருளின் கரைசலுடன் சாற்றைப் பல செறிவுகளில் கலந்து 30 நிமிடம் இருட்டில் வையுங்கள். சாறு ஒட்சியேற்றத்தை எதிர்த்தால், கடும் ஊதா நிறம் மஞ்சளாக வெளிறுவது கண்ணுக்கே தெரியும். 517 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சலை அளந்து, அஸ்கோபிக் அமிலத்துடன் (விற்றமின் சி) ஒப்பிட வேண்டும். இலைச் சாற்றுக்கே பச்சை நிறம் உண்டு என்பதால், டி.பி.பி.எச். சேர்க்காத சாற்றின் உறிஞ்சலை ஒவ்வொரு செறிவிலும் தனியே அளந்து கழித்த பின்பே, உறிஞ்சல் குறைந்த வீதத்தைக் கணக்கிடுங்கள்.