பனிக்கால மலைப்பாதை ஓட்டம்: தண்ணீர் உறையாமல் இருக்க

இங்கிலாந்தின் பென்னைன் வே பாதையில் ஜனவரியில் நடக்கும் ஸ்பைன் ரேஸ் போன்ற போட்டிகளில் ஓடுபவர்களை அடிக்கடி கைவிடுவது, முதுகுப்பைக்குள் இருக்கும் தண்ணீர்ப் பையிலிருந்து வாய்க்கு வரும் குழாய்தான். அந்த மெல்லிய குழாயில் தேங்கும் ஒரு வாய்த் தண்ணீர் உறைந்துவிட்டால், முதுகுப்பை நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது. குடித்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் ஊதி, மிச்சத்தைப் பைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். குழாயின் நுனியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பாட்டில் என்றால் தலைகீழாக வையுங்கள். மேல்பக்கம்தான் முதலில் உறையும், மூடி தப்பித்துவிடும்.

அப்புறம், ஹெட்லாம்ப்பின் மாற்று பேட்டரி உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் இருக்கட்டும். குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

போட்டி வாரத்தில் தூரத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, ஓர் இரவாவது முழுப் பையோடு மெதுவாக ஓடிப் பாருங்கள். கையுறையோடு மூடியைத் திறக்க முடிகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.