கோட்டுப் பயிற்சிக்கு அச்சகத்து வெட்டுத்தாள்

சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் இராமநாதபுரம் கரையோர மாணவர்கள், அன்றாடக் கோட்டுப் பயிற்சிக்கு விலை கூடிய டிராயிங் தாள் வாங்காமல், அச்சகங்களில் கழிவாக ஒதுங்கும் அச்சேறாத நியூஸ்பிரிண்ட் (செய்தித்தாள் அச்சிடும் தாள்) வெட்டுத்தாளை எடைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வழவழப்புப் பூச்சு இல்லாத அதன் சொரசொரப்பு கரித்துண்டை நன்றாகப் பற்றும். அதைவிட முக்கியமாக, தாள் வீணாகுமே என்ற தயக்கம் நீங்குவதால், பாம்பன் துறையில் அலைக்கு ஆடிக்கொண்டே நிற்கும் ஒரு வள்ளத்தின் அணியத்தையே (முன்முனையையே) சலிக்காமல் திரும்பத் திரும்ப வரைந்து பார்க்கும் துணிவு வரும். கடற்காற்றில் தாள் பறக்காமலிருக்க, அதைத் தாங்கும் அட்டையின் நான்கு மூலைகளிலும் கிளிப் போடுவது அவசியம். நீர்வண்ணத்துக்கு இத்தாள் உதவாது. ஈரம் பட்டதும் சுருங்கிக் கிழியும். மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற இயற்கைப் பொருள் வெயிலில் தாளை விரைவாகப் பழுப்பேறச் செய்வதால், கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய படங்களையும் இதில் வரையக் கூடாது.