கணினி மெதுவாகிவிட்டதா? புதிது வாங்கும் முன் கழித்துப் பாருங்கள்

சித்தப்பா வீட்டு மடிக்கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்க் காபி வாங்கி வந்தேன். குடித்தும் முடித்தேன். திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. "எட்டு வருடம் ஆகிவிட்டது தம்பி, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா?" என்று கேட்டார்.

ஒருவழியாகத் திரை வந்தபோதுதான் பார்த்தேன். கணினியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் மென்பொருள்கள் மூன்றை அவரே நிறுவியிருந்தார். நோயாளியின் நெஞ்சின் மேல் மூன்று வைத்தியர்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மாலை அந்தக் கணினியில் என்னென்ன செய்தேனோ அதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம், எதையும் பதிவிறக்கவும் வேண்டாம். தேவையான கருவிகள் எல்லாம் விண்டோஸிலேயே இருக்கின்றன. நான் சொல்லும் பட்டியல் பெயர்கள் விண்டோஸ் 11இல் உள்ளவை. 10இல் சில பெயர்களும் இடங்களும் சற்று மாறியிருக்கும், அவ்வளவுதான்.

தொடங்கும் முன் ஒரு வேலை. குடும்பப் படங்கள், பத்திர நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், செருகியே கிடக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

படி 1: முதலில் பாருங்கள், எதையும் தொடாதீர்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி தொடங்கிப் பத்து நிமிடம் ஆன பிறகு இதைத் திறப்பது நல்லது. அதற்கு முன் பார்த்தால் எந்தக் கணினியும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

மேலே சிபியூ (கணக்குப் போடும் மூளை), மெமரி (ரேம் எனும் தற்காலிக நினைவகம்), டிஸ்க் என்று தலைப்புகள் இருக்கும். ஒரு தலைப்பைச் சொடுக்கினால் அதை அதிகம் தின்னும் நிரல் மேலே வரும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதும் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நின்றால், பெரும்பாலும் உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். மெமரி எப்போதும் 90ஐத் தாண்டினால் ரேம் போதவில்லை. சும்மா இருக்கும் கணினியில் சிபியூ மட்டும் ஏறி நிற்கிறது, மின்விசிறி ஓயாமல் இரைகிறது என்றால், யாரோ உங்கள் மின்சாரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கவும் கூடும்.

பட்டியலில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்ற பெயர் மேலே நின்றால் பதற வேண்டாம். அது விண்டோஸின் சொந்தக் காவலாளி. ஊர் பேர் தெரியாத நிரல் என்றால், அதன் மேல் வலது சொடுக்குச் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுத்துப் பாருங்கள். தற்காலிகக் கோப்புகளுக்கான 'டெம்ப்' கோப்புறைக்குள் ஒளிந்து ஓடும் நிரலைச் சந்தேகப்படலாம். பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

படி 2: காலையில் கூடவே எழுந்துகொள்பவை

அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்ற பகுதி உண்டு. கணினி எழும்போது தாமும் எழும் நிரல்களின் பட்டியல் அது. சித்தப்பாவின் கணினியில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். அவர் விற்றுவிட்ட பழைய அச்சுப்பொறியின் நிரல், பேரன் எப்போதோ ஆடிய விளையாட்டின் நிரல், இரண்டு வீடியோ அழைப்பு நிரல்கள், மேலே சொன்ன மூன்று வைத்தியர்கள்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஹை', 'மீடியம்', 'லோ' என்று அது தரும் சுமையின் அளவு இருக்கும். ஹை என்பவற்றிலிருந்து தொடங்கி, வலது சொடுக்கி 'டிசேபிள்' கொடுங்கள். இதனால் நிரல் அழிந்துவிடாது. தானாக எழுவதை மட்டும் நிறுத்துகிறோம். வேண்டும்போது நீங்கள் திறந்தால் வழக்கம்போல வேலை செய்யும். ஒலி, டச்பேடு, விண்டோஸ் செக்யூரிட்டி ஆகியவற்றின் பெயர்கள் தெரிந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். பத்தொன்பதில் நான்கை மட்டும் விட்டு வைத்தேன். மறுதொடக்கம் செய்தபோது காபி குடிக்க நேரம் கிடைக்கவில்லை.

படி 3: வேண்டாதவற்றை நீக்குதல்

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை எப்போது தொடங்கியது என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், அந்த வாரத்தில் வந்து சேர்ந்தவற்றை முதலில் விசாரிக்கலாம்.

வைத்தியர்கள் மூவரையும் வெளியேற்றினேன். ரெஜிஸ்ட்ரி துடைப்பான், டிரைவர் புதுப்பிப்பான், ரேம் பெருக்கி என்ற பெயர்களில் வருபவை எதுவும் வீட்டுக் கணினிக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. நல்ல பெயர் எடுத்த துப்புரவு மென்பொருளான சீகிளீனரின் 5.33ஆம் பதிப்புக்குள்ளேயே 2017இல் தாக்குநர்கள் தீநிரலைப் புகுத்திவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கியவர்களுக்கும் அதுவே கிடைத்தது. துடைப்பத்திலேயே அழுக்கு.

கெடு முடிந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் அதையும் நீக்குங்கள். கணினியோடு இலவசமாக வந்து, சில மாதங்களில் பணம் கேட்டு நச்சரிப்பது அதுதான். அது உள்ளே இருக்கும்வரை விண்டோஸின் சொந்தக் காவலாளியான டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கக்கூடும். நீக்கியதும் அது தானாக வேலைக்குத் திரும்பும்.

படி 4: இடம்

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். வேண்டாதவற்றைத் தேர்ந்து நீக்குங்கள். 'டவுன்லோட்ஸ்' என்ற பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கும். அதைத் தேர்ந்தால் நீங்கள் இறக்கி வைத்த எல்லாக் கோப்புகளும் போய்விடும், கவனம். டிஸ்க் நிரம்பி வழியாமல் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

படி 5: தீநிரல் தேடல்

ஸ்டார்ட் பட்டியலில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன்' பகுதிக்குள் செல்லுங்கள். எல்லோரும் நேராகத் தேடல் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்பதற்குள் போய்க் கீழே இறங்கினால் 'எக்ஸ்குளூஷன்ஸ்' இருக்கும். இந்தக் கோப்புறையைச் சோதிக்காதே என்று காவலாளிக்குக் கொடுத்த கட்டளைகளின் பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கணினியில் அது காலியாக இருக்க வேண்டும். காசு கொடுக்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாக நிறுவும் 'கிராக்' கோப்புகளோடு வரும் குறிப்பில், முதலில் வைரஸ் தடுப்பை அணைத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கும். திருடன் வந்து, நாயைக் கட்டிப்போடுங்கள் என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. நாமும் கட்டிப்போடுகிறோம். பட்டியலில் ஏதேனும் இருந்தால் நீக்கிவிட்டுத் தேடலைத் தொடங்குங்கள்.

'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஃபுல் ஸ்கேன்' கொடுங்கள். மணிக்கணக்கில் ஆகலாம், இரவில் ஓடவிடுங்கள். அது முடிந்த பின் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்'. கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே தேடும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளத் தெரிந்த தீநிரல்கள் இந்த நேரத்தில் அகப்படும். ஏறத்தாழ 15 நிமிட வேலை. கண்டுபிடித்தவை 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' பகுதியில் இருக்கும்.

அங்கே 'ஸ்டீலர்' (தகவல் திருடி) என்ற சொல்லோடு ஏதாவது அகப்பட்டால், உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் போய்விட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினியில் அல்ல, கைப்பேசியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலிலும் வங்கிக் கடவுச்சொல்லை அடுத்தும் மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். இந்தியாவில் இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் அது.

படி 6: மூலையில் எட்டிப்பார்க்கும் பொய்

சித்தப்பாவின் திரையின் வலது கீழ் மூலையில் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டி எட்டிப்பார்த்தது. உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே சொடுக்குங்கள் என்றது. அதைப் பார்த்துப் பயந்துதான் வைத்தியர்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

அது வைரஸும் அல்ல, எச்சரிக்கையும் அல்ல. ஏதோ ஒரு தளத்தில், 'நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட அலோ அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். இவர் அழுத்தியிருக்கிறார். அறிவிப்பு அனுப்ப அந்தத் தளத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. குரோம் உலாவியில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பெயர்கள் இருக்கும். தெரியாதவற்றை நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தேர்வையும் கொடுத்துவிடுங்கள். பெட்டி அன்றோடு நின்றது. "இவ்வளவுதானா?" என்று சித்தப்பாவுக்குச் சற்று ஏமாற்றம்கூட.

உலாவியில் இருக்கும்போதே எக்ஸ்டென்ஷன்கள் எனும் ஒட்டு நிரல்களையும் பாருங்கள். எதற்கென்று உங்களால் சொல்ல முடியாத ஒன்று அங்கே இருக்கத் தேவையில்லை.

படி 7: ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவ்

பென் டிரைவைச் செருகித் திறந்தேன். உள்ளே பத்திரமும் இல்லை, சான்றிதழும் இல்லை. டிரைவ் போன்ற ஒரே ஒரு படம். அதன் இடது கீழ் மூலையில் சின்னதாக வளைந்த அம்புக்குறி. அளவு 2 கேபி. "அதை இரண்டு முறை தட்டினால் எல்லாம் வந்துவிடும், தினமும் அப்படித்தான் திறக்கிறேன்" என்றார்.

அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட், அதாவது வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழி. பென் டிரைவுக்குள் இருக்கும் கோப்புகளுக்கு எதற்கு ஷார்ட்கட்? வலது சொடுக்கிப் பிராப்பர்டீஸில் 'டார்கெட்' என்ற இடத்தைப் பார்த்தேன். கோப்புறையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான ஒரு கட்டளை வரி. ஒவ்வொரு முறையும் அது முதலில் தீநிரலை எழுப்பிவிட்டு, அடுத்த நொடியில் உண்மையான கோப்புறையையும் திறந்து காட்டியிருக்கிறது. கோப்பு திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரு காலத்தில் பென் டிரைவைச் செருகினாலே நோய் தொற்றும். விண்டோஸ் 7இலிருந்து அந்தத் தானியங்கி வழியை அடைத்துவிட்டார்கள். அதன் பிறகு புழுவுக்கு (தன்னைத் தானே பரப்பிக்கொள்ளும் தீநிரலுக்கு) நம் விரல் தேவைப்படுகிறது. ஆகவே செருகிப் பார்ப்பதில் பெரிய ஆபத்தில்லை, அந்தப் படத்தைத் தட்டாத வரையில்.

கோப்புகளை மீட்கும் வழி இது. ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மேலேயுள்ள மூன்று புள்ளிகள், ஆப்ஷன்ஸ், வியூ என்று போய் 'ஹைடு புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற குறியை எடுங்கள். எங்களுக்குப் பெயரே இல்லாத மங்கலான கோப்புறை ஒன்று தோன்றியது. சித்தப்பாவின் ஆவணங்கள் அத்தனையும் அதற்குள் பத்திரமாக இருந்தன. படங்களையும் பிடிஎஃப்களையும் மட்டும் கணினிக்கு நகலெடுத்து, அவற்றை ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். எடுத்த குறியை மறுபடி போட்டுவிடுங்கள். கணினியிலும் தொற்றியிருக்கும் என்பதால் ஐந்தாம் படியை மீண்டும் செய்ய வேண்டும். இல்லையென்றால் சுத்தமான பென் டிரைவைச் செருகிய நொடியில் அதுவும் கெட்டுவிடும்.

இனி கடைக்கு வெறும் நகல்கள் மட்டும் உள்ள தனிப் பென் டிரைவைக் கொண்டுபோகலாம். மின்னஞ்சலில் அனுப்பினால் இந்தத் தொற்று வராது. ஆனால் ஆதார் நகல் கடைக்கணினியில் தங்கிவிடும், அழிக்கச் சொல்லிவிட்டு அவர் அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வியூ பட்டியலைத் திறந்த கையோடு 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகைச் சுற்றிய ஐலவ்யூ புழு, காதல் கடிதம் என்ற எழுத்துக் கோப்பாக வேடமிட்டு வந்தது. கோப்புப் பெயரின் உண்மையான வால் விண்டோஸில் மறைந்திருந்ததால் மக்கள் நம்பித் திறந்தார்கள். மின்கட்டண ரசீது என்று வரும் கோப்பின் வால் 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால் அது ரசீது அல்ல.

படி 8: அப்டேட்

தள்ளிப்போடாதீர்கள். வான்னகிரை ரான்சம்வேர் 2017 மே 12 அன்று பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. நிறுவாதவர்கள்தான் மாட்டினார்கள்.

உங்களுடையது விண்டோஸ் 10 என்றால், அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். உங்கள் கணினி தகுதியானதா என்பதை மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' நிரல் சொல்லிவிடும். தகுதியில்லை என்றால், விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். உலாவியும் மின்னஞ்சலும் மட்டும் வேண்டிய வீட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

இத்தனைக்குப் பிறகும் டிஸ்க் 100ஐ விட்டு இறங்கவில்லையா? இப்போது பணப்பையைத் திறக்கலாம். சுழலும் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். பழைய கணினிக்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் கிடையாது. கடைக்காரர் மூடியைத் திறக்கும்போதே மின்விசிறியின் தூசியையும் ஊதச் சொல்லுங்கள். சூடேறினால் சிபியூ தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தீநிரல் நீக்க நீக்க முளைத்தால் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'ரீசெட் திஸ் பிசி'. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினியில் உள்ள எல்லாம் போய்விடும். ஆரம்பத்தில் நகலெடுத்துக் கழற்றி வைத்தோமே, அந்த டிஸ்க் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.