கல்லீரல் கட்டிக்குள்ளேயே மருந்து: எலிகளில் கூட்டுச் சிகிச்சையைச் சோதிக்கும் முறை

கல்லீரல் கட்டிக்குள் ஊசியால் செலுத்தும் மருந்தையும், நோயெதிர்ப்பைத் தூண்டும் பிடி-1 தடுப்பானையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. சிங்கப்பூரில் இதற்கு முதலில் உங்கள் நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்புக் குழு அனுமதிக்க வேண்டும். வலி நிவாரணி எது, எந்த நிலையில் எலியை வேதனையின்றி முடித்துவிட வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

ஹெப்பா1-6 எனப்படும் எலிக் கல்லீரல் புற்றுநோய்ச் செல்கள் 10 லட்சத்தை 20 மைக்ரோலிட்டரில், பாதி மேட்ரிஜெல் (செல்களைத் தாங்கும் ஜெல்) கலந்து, கல்லீரலின் இடது மடலில் செலுத்துங்கள். ஊசிக்குழல் பனிக்கட்டியிலேயே இருக்கட்டும். சூடேறினால் ஜெல் உள்ளேயே உறைந்துவிடும். 30 கேஜ் ஊசியைச் சாய்வாக நுழைத்து மெதுவாக அழுத்துங்கள். கல்லீரலின் மேலுறைக்கடியில் வெளிறிய சிறு புடைப்பு எழுந்தால் சரி. ஊசியை உடனே வெளியே இழுக்காதீர்கள், ஒரு நிமிடம் பொறுத்து, பஞ்சுக்குச்சியால் அழுத்திக்கொண்டே எடுங்கள். கசிந்தால் வயிற்றுக்குள் ஆங்காங்கே கட்டி முளைத்து அளவீடே பாழாகும்.

சுமார் ஒரு வாரத்தில் அல்ட்ராசவுண்டில் அளந்த பிறகே குலுக்கல் முறையில் குழு பிரியுங்கள்: வெறும் கரைசல், கட்டிக்குள் மருந்து மட்டும், பிடி-1 தடுப்பான் மட்டும், இரண்டும் சேர்த்து. வெறும் கரைசல் குழுவுக்கும் கட்டிக்குள் ஊசி போட்டே ஆக வேண்டும். குத்தலே அழற்சியைத் தூண்டும். தவிர, ஹெப்பா1-6 கட்டி சில எலிகளில் தானாகவே கரைந்துபோகும். இந்தக் குழு இல்லாவிட்டால் அந்தப் பெருமை மருந்துக்குப் போய்விடும்.

இன்னொரு மடலில் மருந்து ஊசி படாத கட்டி ஒன்றையும் வளருங்கள். அது சுருங்குகிறதா என்பதே எங்களுக்கு முதன்மையான கேள்வி. புற்றுச் செல்களைக் கொல்லும் நோயெதிர்ப்புச் செல்களான சிடி8 செல்களை அகற்றிய குழுவில் பலன் மறைந்தால் காரணமும் புலப்படும். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி நொதியின் அளவை இரத்தத்தில் வாராவாரம் பாருங்கள்.