வேலைக்கு நடுவே நான்கு நிமிடத் தியானம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தியானம் என்றதும் கண்ணை மூடி, எண்ணமே வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவோம். இரண்டே நாளில், 'நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது' என்று எழுந்துவிடுவோம். நானும் அப்படி எழுந்து போனவன்தான். எண்ணம் வருவது மூளையின் இயல்பு என்பது அப்போது தெரியாது. கையில் வேலை இல்லாத நேரத்தில் மூளையின் சில பகுதிகள் சேர்ந்துகொண்டு நடந்ததையும் நடக்கப்போவதையும் அசைபோடும். அந்தப் பகுதிகளின் இயக்கத்தை 2001-ல் அமெரிக்க மூளை ஆய்வாளர் மார்க்கஸ் ரைக்லின் குழு விவரித்தது. அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். ஓடிப்போன மனதைத் திரும்பக் கூட்டிவரப் பழகினால் போதும்.

1. எப்போது என்று முடிவு செய்யுங்கள்

'தினமும் மூன்று தடவை' என்று மட்டும் நினைத்தால் மறந்துபோகும். எப்படியும் செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள்: கணினியைத் திறந்ததும், தொலைபேசியில் பேசி முடித்ததும், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும். முதல் வாரம் ஒன்று போதும்.

2. மூச்சை நீட்டி விடுங்கள் (1 நிமிடம்)

நாற்காலியிலேயே உட்காரலாம். தோளைத் தளர்த்துங்கள். தாடையையும்தான், அது இறுகிக் கிடப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. மூக்கு வழியாக மனதுக்குள் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இப்படி ஆறு தடவை.

மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றே கூடும், விடும்போது குறையும். விடும் நேரத்தை நீட்டுவதன் சூட்சுமம் இதுதான். ஆழமாக இழுக்க வேண்டும் என்று வேகவேகமாக இழுத்து விட்டால் தலைசுற்றும். அப்படி ஆனால் விட்டுவிட்டு, வழக்கம்போல மூச்சு விடுங்கள்.

3. மூச்சை எண்ணுங்கள் (3 நிமிடம்)

எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான். இப்போது மூச்சை மாற்ற வேண்டாம், அது பாட்டுக்குப் போகட்டும். ஒவ்வொரு முறை வெளியே விடும்போதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பத்து வந்ததும் மறுபடி ஒன்று.

கேட்க எளிதாக இருக்கும். உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவது மூச்சில் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் நினைவுக்கு வரும், நான்கில் அதன் முதல் வரியை எழுதுவீர்கள், திடீரென்று பார்த்தால் பதினான்கில் நிற்பீர்கள். பத்தைத் தாண்டியது எப்போது என்றே தெரியாது! 'அடடா, போய்விட்டேனே' என்று உறைக்கிற அந்த நொடிதான் பயிற்சியே. திட்டிக்கொள்ளாமல், 'யோசனை' என்று மனதுக்குள் ஒரு பெயர் வைத்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூன்று நிமிடத்தில் இருபது தடவை இப்படித் திரும்பி வந்தால், இருபது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று கணக்கு.

4. மூச்சு ஒத்துவராவிட்டால்

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிக்கலாம். அல்லது காதில் விழும் ஒலிகளை, நல்லது கெட்டது பார்க்காமல், ஒவ்வொன்றாகக் கேட்கலாம். அப்படியும் படபடப்பு அடங்கவில்லையா? வற்புறுத்திச் செய்யாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள். வண்டி ஓட்டும்போது எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

மூன்று நாளில் பலனைத் தேடாதீர்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நோயாளிகளுக்காகத் தொடங்கிய தியானப் பயிற்சியே 8 வாரம் ஓடும்.

அப்புறம், போனில் டைமர் வைப்பவர்கள் முதலில் அறிவிப்புகளை அணைத்துவிட்டுத் திரையைக் கவிழ்த்து வையுங்கள். எத்தனை நிமிடம் மிச்சம் என்று பார்க்கப் போனை எடுத்து, அரை மணி நேரம் கழித்துக் கீழே வைத்த அனுபவம் எனக்கு உண்டு.