நாய்க்கு உண்ணி, வைத்தியம் வீட்டுக்கும்

நாயின் காதுமடலுக்குள் சாம்பல் நிறத்தில் ஒன்று உப்பிக்கொண்டு ஒட்டியிருக்கும், முற்றின ஆமணக்கு விதை மாதிரி. அதைப் பிய்த்து ஜன்னல் வழியே எறிந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதுதான் பல வீடுகளில் நடக்கிற உண்ணி ஒழிப்பு. அந்த உப்பிய உண்ணி பெண். வயிறு முட்ட ரத்தம் குடித்துவிட்டதால் அதற்கு இனி நாயே தேவையில்லை, முட்டையிட ஓர் இடுக்கு கிடைத்தால் போதும். அந்த இடுக்குக்கு வழி காட்டி அனுப்பிவைப்பது நாம்தான். ஆயிரக்கணக்கில், சில சமயம் நாலாயிரம் வரைகூட, முட்டையிட்டுவிட்டுத்தான் அது சாகும்.

எடுக்கிற உண்ணியை சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ மூழ்கடியுங்கள். விரலால் நசுக்க வேண்டாம், அதன் உடம்பில் இருக்கும் கிருமி கையில் ஒட்டும். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது இரண்டும் வேண்டாத வேலை. உண்ணி விடுவதற்கு முன்னால் நாயின் தோல் வெந்துபோகும். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தால் வந்துவிடும். பக்கத்தில் தட்டையாகப் பழுப்பு நிறத்தில் சிறிதாக இருப்பவற்றையும் விடாதீர்கள். பெரும்பாலோர் பெரியதை மட்டும் பொறுக்குவார்கள். ஆணும், இன்னும் ரத்தம் குடிக்காத பெண்ணும் அந்தத் தட்டைக் கூட்டத்தில்தான் இருக்கும். கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி, அக்குள், வாலடி எல்லா இடத்தையும் தடவிப் பார்க்க வேண்டும்.

'மருந்து போட்டும் போகவே மாட்டேங்குது' என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் மருந்து இல்லை. நம் ஊர் நாய்களைப் பிடிக்கிற பழுப்பு நாய் உண்ணிக்கு ஒரு தனிக்குணம் உண்டு: புல்வெளி இல்லாமல், வீட்டுக்குள்ளேயே அதன் முழு வாழ்க்கையும் ஓடிவிடும். குஞ்சாக ஒருமுறை நாய்மேல் ஏறிக் குடிக்கும், இறங்கித் தோலுரிக்கும். மறுபடி ஏறும், இறங்கும். பெரிதானதும் மூன்றாவது முறை ஏறும். நம் வெயிலுக்கு இந்தச் சுற்று முடிய இரண்டு மாதம் போதும். இறங்குகிற உண்ணிக்கு மேல்நோக்கி ஊரும் பழக்கம் உண்டு. அதனால் தரையை மட்டும் துடைத்துப் பயனில்லை. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள பிளவு, ஸ்விட்ச் போர்டின் பின்பக்கம், திரைச்சீலை மடிப்பு, கட்டில் சட்டத்தின் மூலை, இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். பசியோடு மாதக்கணக்கில் அங்கே உட்கார்ந்திருக்கும்.

விரிசல்களை ஒயிட் சிமெண்டால் அடையுங்கள். நாய் படுக்கிற பழைய சாக்கைத் தூக்கிப் போடுங்கள். துணியானால் கொதிநீரில் துவையுங்கள். நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே வாரத்தில் மருந்து போட வேண்டும். முட்டையை எந்த மருந்தும் சரியாகக் கொல்லாது என்பதால் ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்துவது பாதி வேலை. வீட்டுக்குள் தெளிக்கும்போது பிராணிகளை வெளியே வைத்து, நன்றாகக் காய்ந்தபின் உள்ளே விடுங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடிவிட்டு ஏர் பம்பையும் நிறுத்துங்கள், வீட்டில் தெளிக்கிற பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மீனுக்கு எமன்.

உண்ணியைவிட மருந்தால் கெடுகிற நாய்களைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். உரக்கடையில் பயிருக்கு விற்கிற பூச்சிமருந்தைக் கலக்கிக் குளிப்பாட்டுவது, மாட்டுக்கு வாங்கியதில் மிச்சத்தை ஊற்றுவது, பினாயில் கலந்த தண்ணீரில் கழுவுவது, எல்லாமே நடக்கின்றன. வாயில் எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்க ஆரம்பித்தால் அது விஷம் ஏறியதற்கான அடையாளம், உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். உண்ணிக்காக நாய் உடம்பில் தடவும் அமிட்ராஸ் கரைசலிலும் கவனம் தேவை. லேபிளில் போட்டிருக்கும் அளவுதான் அளவு, 'கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லா கேக்கும்' என்பதெல்லாம் கிடையாது. காய்வதற்குள் நாய் நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூனை வீட்டில் இருந்தால் இன்னும் உஷார். நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், பிறகு வலிப்பு வரும். பெரிய நாய்க்கான குப்பியை வாங்கி இரண்டு குட்டிகளுக்கும் ஒரு பூனைக்கும் பங்கு போடும் சிக்கனம் இங்கேதான் உயிரை வாங்குகிறது.

சொட்டு மருந்தை ரோமத்தின் மேல் விட்டால் வீண். தோள்களுக்கு நடுவில் முடியை விலக்கி, தோல் தெரிகிற இடத்தில் விடுங்கள். முதல் நாளே ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப்பசை போய் மருந்து பரவாது. முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம். சொட்டு மருந்துக்குப் பதிலாக உண்ணி மாத்திரை கொடுத்தபின் நாய்மேல் உண்ணி தெரிந்தால் பதற வேண்டியதில்லை, அது கடித்து ரத்தம் குடித்தால்தான் சாகும். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு இந்த மாத்திரை கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தெள்ளுப்பூச்சி வேறு கதை. பூனை தன் உடம்பை நக்கும்போது தெள்ளையும் விழுங்கிவிடுவதால் கண்ணில் படாது. சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டால் செம்பழுப்பாகக் கசியும்; அது ரத்தம் கலந்த எச்சம். தெள்ளு கூட்டுப்புழுவாக வாரக்கணக்கில் உறங்கிக் கிடந்து, அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளியே வரும். லீவுக்குப் பூட்டிப்போட்ட வீட்டைத் திறந்ததும் கால் முழுக்கக் கடிபடுவது இதனால்தான். மருந்துக்குப் பிறகும் சில வாரம் புதிதாக வந்துகொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் மருந்தை மாற்றி மாற்றி அடிக்காமல் தொடர்ந்து பெருக்கி, படுக்கையைத் துவைத்துக்கொண்டிருங்கள். பிராணிக்குக் குடற்புழு மருந்தும் கொடுங்கள், தெள்ளை விழுங்கினால் நாடாப்புழு வரும்.

உண்ணி எல்லாம் போனபின் நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். ஐந்தாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும், சோற்றுத் தட்டைக் காலி செய்யும். சரியாகிவிட்டது என்று நிறுத்தினால் கிருமி உடம்பிலேயே தங்கிவிடும், சில மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பிடிக்கிற அளவுக்குக்கூடப் போகலாம். மாத்திரையைச் சோற்றோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி எடுக்கும்.