மூவாயிரம் ரூபாய்க்குத் தீபாவளிப் பட்டாசு: வாங்கும்போது நேரும் தவறுகள்

தமிழ்நாட்டில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க அனுமதி உள்ள நேரம் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம், ஆக மொத்தம் இரண்டு மணி நேரம். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று அளித்த தீர்ப்பில் இரவு 8 முதல் 10 வரை என்றுதான் வரையறுத்திருந்தது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெடி போடுவது இங்குள்ள வழக்கம் என்று தமிழ்நாடு அரசு முறையிட்டதால், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் எந்த நேரம் என்பதை மாநில அரசே வகுத்துக்கொள்ளலாம் என்று சில நாள்களில் திருத்தம் கிடைத்தது. அதன்படி காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்ற அறிவிப்பு தீபாவளிதோறும் வெளிவருகிறது. பட்டாசு வாங்கப் போகிறவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இந்த 120 நிமிடங்கள்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் கணக்கு விலைப்பட்டியலில் தொடங்குகிறது. பணம் வீணாவதும் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.

காலை நேரத்துக்கும் இரவு நேரத்துக்கும் ஒரே வகைச் சரக்கை வாங்குவது பலரும் கவனிக்காத தவறு. ஐப்பசியில் சென்னையில் காலை 6 மணி வாக்கிலேயே சூரியன் எழுந்துவிடுகிறது. மதுரையிலும் கோவையிலும் சில நிமிடங்கள் தள்ளி எழும், அவ்வளவே. அந்த வெளிச்சத்தில் புஸ்வாணத்தின் பொறியும் வானில் விரியும் வண்ணமும் வெளிறிப்போய்த் தெரியும். விலை கூடிய வண்ண வெடிகளைக் காலையில் கொளுத்துவது காசைப் பகலில் கரைப்பதாகும். காலைக்கு லட்சுமி வெடி, குருவி வெடி, பிஜிலி போன்ற ஓசை தரும் மலிவுச் சரக்குப் போதும்; ஒளி தரும் சரக்கு முழுவதையும் இரவுக்கு ஒதுக்கிவிடலாம். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைக்கூடக் காலைக்குச் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து.

அடுத்தது தள்ளுபடி. சிவகாசிக் கடைகளின் பட்டியல்களில் 80 விழுக்காடு, 85 விழுக்காடு, 90 விழுக்காடு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இவ்வளவு தள்ளிக் கொடுத்தும் ஒரு வியாபாரி கடை நடத்த முடிகிறதென்றால், தள்ளுபடிக்கு முந்தைய விலை எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். ஒரு பட்டியலில் பெரிய புஸ்வாணப் பெட்டி 500 ரூபாய், தள்ளுபடி 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் அதே பெட்டி 1,000 ரூபாய், தள்ளுபடி 90 விழுக்காடு. கையிலிருந்து போவது இரண்டிலும் 100 ரூபாய்தான். மூன்றாவது கடை 300 ரூபாய் போட்டு 70 விழுக்காடு மட்டும் தள்ளினால் 90 ரூபாய்க்கே தருகிறது. ஆனால் தள்ளுபடி குறைவு என்று அந்தக் கடையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே தள்ளுபடிப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு நிகர விலையை மட்டும் எழுதிக்கொண்டு, அதைப் பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதே சரியான முறை. ஒரே பெயரில் ஒரு தயாரிப்பாளர் பெட்டிக்குப் பத்தும் மற்றொருவர் ஐந்தும் வைத்திருப்பதுண்டு. கம்பி மத்தாப்பு என்றால் 7, 10, 12, 15, 30 சென்டிமீட்டர் எனப் பல நீளங்கள் உள்ளன. நீளம் பார்க்காமல் இரண்டு விலைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

நிகர விலையோடும் செலவு முடிந்துவிடாது. பட்டாசுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அது சொன்ன விலையில் சேர்ந்ததா, பில்லில் தனியே ஏறுமா என்று முன்பே கேட்க வேண்டும். வெளியூரிலிருந்து வரவழைத்தால் பேக்கிங் கூலி உண்டு, லாரி பார்சல் வாடகை உண்டு. பெரும்பாலும் அந்த வாடகையைச் சரக்கு எடுக்கும்போது நாம்தான் கட்ட வேண்டும். பார்சல் வீட்டு வாசலுக்கு வராது, ஊர்க்கோடியிலுள்ள குடோனுக்குப் போய்த்தான் தூக்கி வர வேண்டும். இந்தச் சில்லறைகள் எல்லாம் சேர்ந்து, மூவாயிரம் ரூபாய் ஆர்டருக்கு நானூறு, ஐந்நூறு என்று ஏறிவிட்டால் உள்ளூர்க் கடையின் விலையே மேல் என்றாகிவிடும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பார்சலாகப் போட்டால் மட்டுமே சிவகாசி விலை உண்மையில் மலிவாகிறது. நேரில் போய் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம் என்று எண்ணவே கூடாது. ரயிலில் பட்டாசு கொண்டு செல்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். பேருந்துக்கும் தடை உண்டு.

இணையத்தில் பணம் கட்டி ஏமாறுவது இப்போது மற்ற எல்லாத் தவறுகளையும் முந்திவிட்டது. மேலே சொன்ன 2018 தீர்ப்பு, மின்வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கவே கூடாது என்று தடுத்திருக்கிறது. ஆனாலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் அழகான படங்களோடும் நம்ப முடியாத விலைகளோடும் புதுப்புதுத் தளங்கள் முளைக்கின்றன. வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பி, யூபிஐயில் பணம் வாங்கிக்கொண்டு, பொய்யான ஒரு லாரி ரசீதையும் அனுப்பிவிட்டு எண்ணை அணைத்துவிடுகிறார்கள். சைபர் குற்றப் பிரிவு காவல்துறை இதைப் பற்றி எச்சரித்தே வருகிறது. ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் அழைத்தால்தான் அதை முடக்கும் வாய்ப்பு இருக்கும். மாதம் 200, 300 என்று கட்டும் பட்டாசுச் சீட்டிலும் இதே ஆபத்து உண்டு. கட்டிய பன்னிரண்டு மாதப் பணத்துக்கு ஈடாக எந்தப் பெட்டி, எத்தனை என்பது எழுத்தில் இல்லாத சீட்டு, நடத்துகிறவர் ஓடிப்போகாவிட்டாலும் விற்காமல் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும் வழியாகவே முடிகிறது.

கிஃப்ட் பாக்ஸ் என்ற பெயரில் விற்கும் கலவைப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிறு பட்ஜெட்காரர்கள் அதிகம் விழும் குழி அதுதான். 21 வகை, 35 வகை, 50 வகை என்று அட்டைப்பெட்டியின் மேல் எண் அச்சாகியிருக்கும். ஒரு முறை அப்படி ஒரு 35 வகைப் பெட்டியை வாங்கி, வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரித்து எண்ணினோம். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ரோல் கேப் ஒரு வகை, பாம்பு மாத்திரை ஒரு வகை, கலர் தீப்பெட்டி இரண்டு வகை, 7 சென்டிமீட்டர் மத்தாப்பு நிறத்துக்கொரு வகை. குறை சொல்ல இடமில்லை. ஆனால் இருட்டிய பிறகு கொளுத்திப் பார்க்கத் தகுந்தது என்று எடுத்து வைத்தவை எட்டுப் பெட்டிகூடத் தேறவில்லை. அந்தப் பெட்டி பிறருக்கு நீட்டும்போது பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அந்த வேலையை அது சரியாகச் செய்கிறது. வீட்டுக்கு வாங்குகிறவர் உதிரியாகவே வாங்க வேண்டும்.

பாம்பு மாத்திரையைக் குழந்தைக்கு ஏற்ற, ஆபத்தில்லாத சரக்கு என்று நினைத்து அள்ளிக் கொடுப்பதும் தவறே. புனேயில் உள்ள செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016இல் பல வகைப் பட்டாசுகளின் புகையை அளந்தபோது, நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகள்களை மிக அதிகமாக வெளியிட்டது பாம்பு மாத்திரைதான். மத்தாப்பும் சாட்டையும் அந்த வரிசையில் மேலே இருந்தன. புஸ்வாணம் ஒப்பீட்டளவில் கீழே இருந்தது. சத்தம் இல்லாததும் உருவில் சிறியதும் புகையிலும் சிறியதாகவே இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்; புகை அப்படி நடந்துகொள்வதில்லை. மத்தாப்பு கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அணைந்த கம்பி வெகுநேரம் தணலாகச் சுடும் என்பதையும், அதை வெறுங்காலில் மிதிப்பதால்தான் எத்தனையோ குழந்தைகளின் தீபாவளி மருத்துவமனையில் முடிகிறது என்பதையும் நினைவில் வைத்து, மத்தாப்புப் பெட்டியை எடுக்கும்போதே ஒரு வாளித் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துவிட வேண்டும்.

வானில் வெடிக்கும் ஷாட் வகைகளில் ஆசைக்கும் பணத்துக்கும் நேரடி மோதல் நிகழ்கிறது. 12 ஷாட், 30 ஷாட், 60 ஷாட், 120 ஷாட் என்று ஏறும்போது விலையும் ஏறும். ஆனால் அந்தக் குழாய்கள் தொடர்ந்து சரசரவென்று எரிந்துபோவதால், 30 ஷாட் பெட்டி ஒன்று ஏறத்தாழ அரை நிமிடத்தில் காலியாகிவிடும். பட்ஜெட்டில் பாதியை ஒரு பெரிய ஷாட்டில் போட்டுவிட்டால் மீதி ஐம்பது நிமிடத்துக்கும் மேல் பக்கத்து வீட்டு வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒற்றை ஷாட்டுகளாக ஐந்தாறு வாங்கி, நடுநடுவே தரைச் சக்கரமும் புஸ்வாணமும் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக விட்டால் ஒரு மணி நேரமும் கண் வேலை செய்துகொண்டே இருக்கும். அதோடு, ஷாட் வாங்கும் முன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மின்கம்பி குறுக்கே ஓடும் தெருவிலும், அடுக்குமாடிகளின் நடுவே உள்ள சந்திலும், பக்கத்தில் கூரை வீடு இருக்கும் இடத்திலும் ஷாட்டும் ராக்கெட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கத் தக்கவை அல்ல.

சரவெடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோர்த்துக் கட்டிய சரங்களின் தயாரிப்பையும் விற்பனையையும் வெடிப்பதையும் 2018 தீர்ப்பே தடுத்துவிட்டது. ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலா என்று கடைக்காரர் காதோடு சொல்லி எடுத்துத் தந்தால் அது சட்டத்துக்கு வெளியே உள்ள சரக்கு. ஒற்றை வெடிகளுக்கும், வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் அளந்தால் 125 டெசிபல் என்ற ஒலி வரம்பு 1999ஆம் ஆண்டு முதல் உண்டு.

பெட்டியைப் படிக்காமல் வாங்குவதுதான் ஆபத்தோடு சேர்ந்த தவறு. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், எண்ணிக்கையும், விலையும் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். பசுமைப் பட்டாசு என்றால் நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் இலச்சினையும் கியூஆர் குறியீடும் இருக்கும். செல்போனில் அந்தக் குறியீட்டைக் காட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பசுமை என்றால் புகையே வராது என்று பொருளில்லை. துகள் வெளியீடு குறைந்தது 30 விழுக்காடு குறைய வேண்டும் என்பதே அளவுகோல். பேரியம் உப்புகளுக்கும் தடை உள்ளது. எந்த எழுத்தும் இல்லாமல் காகிதத்தில் சுற்றி விற்கும் நாட்டு வெடியையும், சீன எழுத்து அச்சான சரக்கையும் தொடவே வேண்டாம். சீனப் பட்டாசுகளில் சேர்க்கப்படும் பொட்டாசியம் குளோரேட்டைக் கந்தகத்தோடு கலப்பது இந்தியாவில் 1992 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. உரசலுக்கும் அதிர்ச்சிக்கும் சட்டென்று பற்றிக்கொள்ளும் கலவை அது.

கடையைத் தேர்ந்தெடுப்பதிலும் கண் வேண்டும். உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தற்காலிகக் கடைகளுக்கிடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்றும், அவை ஒன்றையொன்று எதிர்நோக்கி அமையக் கூடாது என்றும் 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் கூறுகின்றன. மளிகைக் கடையின் பின்கட்டில் வைத்து விற்பவரிடம் பத்து ரூபாய் குறையலாம். சரக்கு நமுத்திருந்தால் திருப்பிக் கேட்க அங்கே பில் இருக்காது. பல ஊர்களில் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் பட்டாசு விற்கின்றன. பேரம் கிடையாது என்றாலும் விலையும் பில்லும் நேராக இருக்கும்.

நமுத்த சரக்கு என்றதும் நினைவுக்கு வருவது வீட்டில் செய்யும் தவறு. ஐப்பசி மழையில் ஈரம் ஏறிவிட்டதென்று பட்டாசை அடுப்பின் மேல் பரணிலோ அடுப்படித் திண்டிலோ வைத்து உலர்த்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் உள்ளேயே வேதிவினை நடந்து சூடு ஏறும். அதற்கு வெளியிலிருந்தும் சூடு கொடுப்பது விபரீதம். வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல், தரையில் படாமல், சமையலறைக்கும் பூஜை விளக்குக்கும் தொலைவாக உலர்ந்த அலமாரியில் வைத்தாலே ஈரம் ஏறாது. இதை எண்ணித்தான், மூன்று வாரம் முன்பே வாங்கிக் குவிப்பதைவிட நாலைந்து நாள் முன்பு வாங்குவது நல்லது என்று சொல்வேன். கடைசி நாள் மாலைவரை காத்திருந்தால் விலை இறங்கலாம்; ஆனால் மத்தாப்பும் சிறிய புஸ்வாணமும் அதற்குள் தீர்ந்து, அணுகுண்டும் பெரிய ஷாட்டும் மட்டுமே மீந்திருக்கும்.

தீபாவளி மாலையில் மழை கொட்டி, வாங்கியதில் பாதி மீந்துவிட்டால் மறுநாள் நேரம் கடந்து அவசரமாக வெடித்துத் தீர்க்க வேண்டியதில்லை. வெடிக்காமல் அணைந்தவற்றை மட்டும் தண்ணீரில் ஊறவிட்டுக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, பிரிக்காத மத்தாப்பையும் புஸ்வாணத்தையும் அட்டைப்பெட்டியில் மூடி, மேலே தேதியை எழுதி அலமாரிக்கே திருப்பிவிடலாம். சில வாரங்களில் திருக்கார்த்திகை வருகிறது. அகல் ஏற்றி வைத்த வாசலில் இரண்டு புஸ்வாணம் விட அப்போது தனியே காசு எடுக்க வேண்டியிருக்காது.